தொட்டுக்க என்ன?

காரைக்கால் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நடந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் கூடவே வரும் அரசலாறு, இன்னும் கொஞ்ச தூரத்தில் கடலோடு கலக்கப் போகிறோம் என்ற அவசரமே இல்லாமல் சாவகாசமாக ஓடிக்கொண்டிருக்கும். காற்றில் உப்பு வாசனையும் எண்ணெய் வாசனையும் சரிபாதி. சுண்டல், பஜ்ஜி, வறுத்த மீன், அப்புறம் நாகூர் - காரைக்கால் பக்கத்துக்கே உரிய இறால் வாடா. ‘வாடா’ என்று மரியாதை இல்லாமல் கூப்பிட்டாலும் போய்ச் சாப்பிடத் தோன்றும் ஒரே பலகாரம் உலகத்திலேயே அதுதான்.

இந்த வரிசையில் தானும் ஒரு வண்டி நிறுத்த வேண்டும் என்று கிளம்பினான் என் நண்பனின் மகன். நண்பன் இப்போது இல்லை. அம்மாவும் பையனும்தான். அம்மாவின் ஆறு பவுன் அடகுக் கடைக்குப் போய், அதற்குப் பதிலாக வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றிருந்தது. ஸ்டீல் தகடு, கேஸ் அடுப்பு, கண்ணாடி அலமாரி, சிவப்பு மஞ்சள் குடை. பக்கா.

“மாமா, எல்லாம் ரெடி. ஹாட் டாக் போடப் போறேன். காரைக்கால்ல யாரும் போடலை. ரெண்டே ரெண்டு சந்தேகம்தான். உள்ளே எந்த சாஸேஜ் வைக்கிறது? மேலே என்னென்ன போடறது? நீங்க பி.காம். ஆச்சே, சொல்லுங்க.”

பி.காம். படித்தவனிடம் வட்டி கேட்பார்கள், வருமான வரி கேட்பார்கள். சாஸேஜ் கேட்டவன் இவன் ஒருத்தன்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவன் அம்மா வந்தார். “எதை வேணும்னாலும் விக்கட்டும்ணே. பேரை மட்டும் மாத்தச் சொல்லுங்க. நாய்னு எழுதின வண்டியைத் தள்ளிக்கிட்டு தெருவுல போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

நியாயமான கேள்வி. சுமார் நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் அமெரிக்கர்களே சந்தேகப்பட்ட விஷயம் அது.

ஹாட் டாக் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நீளமான ஒரு பன். நடுவில் ஒரு கீறல். அதற்குள் சூடாக ஒரு சாஸேஜ். இறைச்சியை நைஸாக அரைத்து, மசாலா சேர்த்து, மெல்லிய உறைக்குள் அடைத்தால் சாஸேஜ். இது ஜெர்மன் பேசுகிறவர்களின் கைங்கர்யம். பிராங்க்ஃபர்ட்காரர்கள் ‘எங்களுடையது’ என்பார்கள், வியன்னாக்காரர்கள் ‘இல்லை, எங்களுடையது’ என்பார்கள். அதனால்தான் ஒரே சமாசாரத்துக்கு பிராங்க்ஃபர்ட்டர், வீனர் என்று இரண்டு பெயர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் கும்பல் கும்பலாக அமெரிக்காவில் குடியேறினார்கள். சாஸேஜும் கூடவே இறங்கியது. அரைத்த இறைச்சி என்றாலே ஒரு சிக்கல் உண்டு. அரைப்பதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது என்று தின்கிறவனுக்குத் தெரியாது. ‘ஊரில் நாய்கள் குறைந்துவிட்டன, சாஸேஜ்கள் பெருத்துவிட்டன’ என்கிற பாணியில் கிண்டல்கள் கிளம்பின. 1890-களில் யேல் பல்கலைக்கழக மாணவர்கள், விடுதி வாசலில் சாஸேஜ் விற்ற வண்டிகளுக்கு வைத்த பட்டப்பெயரே ‘நாய் வண்டி’! 1895-ம் வருட மாணவர் பத்திரிகையிலேயே அந்தக் குறும்பு அச்சாகியிருக்கிறது.

‘பேஸ்பால் மைதானத்தில் ஒரு கார்ட்டூனிஸ்ட், பன்னுக்குள் குட்டைக்கால் ஜெர்மன் நாயைப் படம் வரைந்தார். அந்த நாயின் ஜெர்மன் பெயருக்கு ஸ்பெல்லிங் தெரியாததால் ஹாட் டாக் என்று எழுதிவிட்டார்’ என்று ஒரு கதை உலவுகிறது. ரசமான கதை. ஆனால், தேடித் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கார்ட்டூன் கடைசிவரை சிக்கவே இல்லை. அவர் வரைந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முன்பே பெயரும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆக, ஹாட் டாக் என்பது கம்பெனி வைத்த பெயர் அல்ல. வாடிக்கையாளர் வைத்த பழி.

பழி இன்னும் தீர்ந்தபாடில்லை. 2016-ல் மலேசியாவில், பெயரில் ‘டாக்’ இருந்தால் ஹலால் சான்றிதழ் கிடையாது என்று அரசாங்கத்தின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை சொல்ல, உலகப் பத்திரிகைகளெல்லாம் அதை எழுதித் தீர்த்தன. அந்தத் துறைக்கும் நம் பையனின் அம்மாவுக்கும் கருத்து வேற்றுமையே இல்லை.

சரி, பெயரை விடுவோம். பையனின் முதல் கேள்விக்கு வருவோம். உள்ளே என்ன வைப்பது?

நியூயார்க்கில் கோனி ஐலண்ட் என்று ஒரு கடற்கரை. நம் காரைக்கால் கடற்கரை மாதிரிதான். என்ன, கூட்டம் லட்சக்கணக்கில் வரும். 1867-ல் அங்கே சார்லஸ் ஃபெல்ட்மன் என்ற ஜெர்மானியர் தள்ளுவண்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். கடற்கரைக்கு வந்தவர்கள் சூடாக ஏதாவது வேண்டும் என்றார்கள். வண்டியோ சின்னது. தட்டு வைக்க இடமில்லை, கழுவத் தண்ணீர் இல்லை. வண்டி செய்கிறவரைப் பிடித்து ஒரு கரி அடுப்பைப் பொருத்தச் சொன்னார். சாஸேஜைச் சுடுதண்ணீரில் போட்டு, ரொட்டிக்குள் வைத்துக் கையில் கொடுத்தார். தட்டு மிச்சம், முள்கரண்டி மிச்சம், கழுவுகிற ஆள் மிச்சம். தின்று முடித்தால் பாத்திரமே காலி. என்னைக் கேட்டால் ஹாட் டாகைக் கண்டுபிடித்தது சமையல்காரர் அல்ல, கணக்குப்பிள்ளை.

நாலே வருடத்தில் ஃபெல்ட்மன் நிலம் குத்தகைக்கு எடுத்தார். பிறகு அது பிரமாண்டமான ரெஸ்டாரண்டாகவே வளர்ந்தது. அங்கே ரொட்டி கீறுகிற வேலைக்குச் சேர்ந்தவர் நேதன் ஹேண்ட்வெர்க்கர். போலந்திலிருந்து வந்த ஏழை யூதர். கையில் 300 டாலர் சேர்ந்ததும் 1916-ல் பக்கத்திலேயே கடை போட்டார். முதலாளி கடையில் 10 சென்ட். இவர் கடையில் 5 சென்ட்.

பாதி விலை. கூட்டம் அலைமோதியிருக்க வேண்டுமே? ம்ஹூம். ‘அங்கே பத்து, இங்கே அஞ்சு. அப்படின்னா உள்ளே என்ன இருக்கோ?’ என்று ஜனங்கள் தயங்கினார்கள். நேதன் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைக் கோட்டு மாட்டிய ஆட்களைக் கடை வாசலில் நின்று சாப்பிட வைத்தாராம். டாக்டர்களே சாப்பிடுகிறார்கள் என்று ஊர் நம்பியதாம். விளம்பரத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் தயக்கம் சும்மா வந்ததில்லை.

பத்து வருடம் முன்னால், 1906-ல், அப்டன் சின்க்ளேர் என்ற எழுத்தாளர் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி ‘தி ஜங்கிள்’ என்று ஒரு நாவல் எழுதினார். தொழிலாளிகள் படும் பாட்டைச் சொல்வதுதான் அவர் நோக்கம். வாசகர்களோ, ‘ஐயோ, இந்தக் குப்பையையெல்லாமா அரைத்து நமக்குக் கொடுக்கிறார்கள்?’ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அதே வருடம் ஜூன் 30-ம் தேதி அமெரிக்காவில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்துவிட்டது. தொழிலாளிக்காக எழுதிய நாவல் சாஸேஜைக் காப்பாற்றியது. தொழிலாளி காத்திருக்க வேண்டியதாயிற்று.

பையனிடம் சொன்னேன்: “உள்ளே வைக்கப் போறது சாஸேஜ் இல்லைடா, நம்பிக்கை. உன் வண்டியிலிருந்து நடக்கிற தூரத்தில் கோயில் இருக்கு, பள்ளிவாசல் இருக்கு, சர்ச் இருக்கு. மூணு பேரும் தின்னணும். அதனால கோழி. ஹலால் முத்திரை, தயாரிச்ச தேதி எல்லாம் இருக்கிற பாக்கெட்டா வாங்கு. ஃப்ரீஸர்லேர்ந்து எடுத்தா சுடுதண்ணிக்குத்தான் போகணும், நடுவுல வெயில்ல நிக்கக் கூடாது. பாக்கெட்டை ஒளிச்சு வைக்காதே, கண்ணாடியில தெரியட்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-லேயே வந்தாச்சு. பதிவு பண்ணிச் சான்றிதழை வண்டியிலேயே மாட்டு. அதுதான் உன் வெள்ளைக் கோட்டு.”

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் சாஸேஜ் மாதிரியான பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. தினம் 50 கிராம் வீதம் தொடர்ந்து தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவிகிதம் கூடுகிறது என்றது. எப்போதாவது கடற்கரைக்குப் போகிறவர் பயப்பட வேண்டாம். தினமும் ராத்திரிச் சாப்பாடே அதுதான் என்பவர் யோசிக்க வேண்டும். விற்கிறவன் இதைத் தெரிந்துகொண்டு விற்பதில் தப்பில்லை. அதற்காகவே, இறைச்சி இல்லாத ஒன்றும் வண்டியில் இருக்கட்டும் என்றேன். மொரீஷியஸில் ரொட்டியைக் கீறி, நடுவில் சுடச்சுடப் பருப்பு வடையை வைத்து, சட்னி தடவிக் கொடுக்கிறார்கள். காலை வேளையில் அங்கே அதுதான் பிரபலம். நம் வடைதான், கப்பலேறிப் போனது.

இனி இரண்டாவது கேள்வி. மேலே என்ன போடுவது?

பையன் ஒரு பட்டியல் வைத்திருந்தான். மயோனைஸ், கெச்சப், சீஸ், மறுபடியும் மயோனைஸ். “இதெல்லாம் எங்கேர்ந்து பிடிச்சே?” என்றேன். “எல்லா ஊர்லயும் இதானே மாமா போடறாங்க?” என்றான்.

அங்கேதான் தப்பு. எல்லா ஊரிலும் இதைப் போடுவதில்லை. உலகம் பூராவும் சாஸேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே போடுவதில்தான் ஊருக்கு ஊர் சண்டை.

சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். கசகசா தூவிய பன். மேலே மஞ்சள் கடுகு சாஸ், பொடியாக நறுக்கிய இனிப்பு வெள்ளரி ஊறுகாய், வெங்காயம், தக்காளி, நீளவாக்கில் ஒரு வெள்ளரி ஊறுகாய்த் துண்டு, மிளகாய் ஊறுகாய், செலரி உப்பு. மொத்தம் ஏழு. எட்டாவதாக கெச்சப் கேட்டால் முறைப்பார்கள். பெரியவர்கள் கெச்சப் கேட்பது அங்கே அவமானம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் இந்த வழக்கம் ஊன்றிக்கொண்டது என்று சொல்வார்கள். கையில் ஐந்து சென்ட்தான் இருக்கிறது. அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு வேண்டும். இறைச்சி விலை அதிகம், காய்கறி சல்லிசு. வண்டிக்காரர் காய்கறியை அள்ளி மேலே வைத்தார். காசில்லாத காலம்தான் மேலே அதிகமாகக் குவித்தது. கவனியுங்கள், ஏழில் மூன்று ஊறுகாய்!

சிலி நாட்டில் அவகாடோவை மசித்துப் பூசுவார்கள். கோபன்ஹேகனில் 1921-லிருந்து சாஸேஜ் வண்டிகள் ஓடுகின்றன. அங்கே வறுத்த வெங்காயமும் வெள்ளரி ஊறுகாயும் இல்லாமல் முடியாது. ஐஸ்லாந்துத் தலைநகரில் 1937-லிருந்து இருக்கும் ஒரு சாஸேஜ் கடையில் 2004-ல் பில் கிளிண்டன் நின்றார். ஊரார் எல்லாவற்றையும் போடச் சொல்லிச் சாப்பிடும் இடத்தில், கடுகு சாஸ் மட்டும் போதும் என்றார். அன்று முதல் ‘கிளிண்டன் ஒண்ணு’ என்றால் கடுகு சாஸ் மட்டும் என்று அர்த்தமாகிவிட்டது.

ராஜாங்க விருந்தில்கூட இது ஏறியிருக்கிறது. 1939 ஜூன் 11. பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குத் தன் சொந்த ஊரில் பிக்னிக் விருந்து வைத்த அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், ஹாட் டாகும் பரிமாறினார். மன்னர் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் செய்தி. ஐரோப்பாவில் யுத்த மேகம் சூழ்ந்த நேரம். பிரிட்டனுக்கு அமெரிக்கர்களின் மனசு தேவைப்பட்டது. ராஜாவும் நம்மைப் போலத்தான் என்று சாதாரண அமெரிக்கனை நினைக்க வைக்க, ஒரு பன்னும் சாஸேஜும் போதுமாக இருந்தது.

“இதெல்லாம் சரி மாமா. காரைக்காலுக்கு என்ன போடறது?”

காரைக்காலுக்கு என்ன போடுவது என்பதைக் காரைக்காலே எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஆனால் அது நடந்தது இங்கே அல்ல. இந்துமகாசமுத்திரத்தின் அந்தக் கோடியில்.

1739-ல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் காரைக்கால். நடுவில் ஆங்கிலேயர்கள் பிடுங்குவதும் திருப்பித் தருவதுமாகச் சில காலம் போனது. 1817-லிருந்து 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக் கொடிதான். சுற்றிலும் வெள்ளைக்காரன் சீமை, நடுவில் பிரெஞ்சுத் துண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது இன்னொன்று.

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கரும்புத் தோட்டத்தில் வெட்ட ஆள் வேண்டுமே? கண்கள் இந்தியா பக்கம் திரும்பின. காரைக்காலுக்குப் பின்னால் தஞ்சாவூர் டெல்டா. நிலமில்லாதவர்கள், கடனில் மூழ்கியவர்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள். மேஸ்திரிகள் கிராமம் கிராமமாகப் போய் ஆள் பிடித்து வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். கைநாட்டு. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து கப்பல்கள் கிளம்பின. 1853 மே மாதம் கரீபியன் கடலில் இருக்கும் மார்ட்டினிக் தீவில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. பாய்மரக் கப்பல், மூன்று மாதப் பயணம். அடுத்த வருடக் கடைசியில் குவாதலூப். மடகாஸ்கருக்குப் பக்கத்தில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு மட்டும், சில பத்தாண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். நடத்துகிற விதம் சகிக்கவில்லை என்று 1882-ல் பிரிட்டிஷ் இந்திய அரசே ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அப்படியானால் அங்கே எப்படி நடத்தியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பலாம் என்று காகிதத்தில் இருந்தது. திரும்பியவர்களும் உண்டு. குவாதலூப்புக்குப் போனவர்களில் திரும்பியது ஒரு சிறு பகுதிதான். மற்றவர்கள் அங்கேயே செத்தார்கள், அல்லது அங்கேயே தங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு முதற்பெயர்கள் வந்தன. முத்துசாமியும் ராமசாமியும் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டுக் குடும்பப் பெயர்களாக உறைந்தன. இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டுப் பேச்சிலிருந்து தமிழ் போயிற்று. அந்த இடத்தில் பிரெஞ்சு கலந்த கிரியோல் வந்து உட்கார்ந்தது.

போகாதது என்ன? கோயில் போகவில்லை. தீமிதி போகவில்லை. அப்புறம், அடுப்பங்கரை போகவில்லை.

மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் பெயர்பெற்ற உணவு ‘கொலம்போ’. மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு அரைத்துப் போட்டு ஆட்டுக்கறியோ கோழியோ கொதிக்கும். இலங்கையின் கொழும்பு நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பார்கள். அது நம் குழம்புதான் என்பார்கள்.

ரீயூனியனுக்கு வாருங்கள். அந்தத் தீவில் பணக்காரன், ஏழை, வெள்ளை, கறுப்பு, தமிழன், சீனன் என்று வித்தியாசமே இல்லாமல் எல்லா வீட்டிலும் கொதிக்கும் ஓர் உணவு உண்டு. புகை போட்ட சாஸேஜை முதலில் தண்ணீரில் வேகவைத்து, உப்பையும் கொழுப்பையும் இறக்கி, துண்டு போடுவார்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், தக்காளி எல்லாம் போட்டு வதக்குவார்கள். சோற்றோடும் உண்டு, ரொட்டிக்குள் வைத்தும் உண்டு. அதன் பெயர் என்ன தெரியுமா? ‘ரூகாய் சொசிஸ்’.

சொசிஸ் என்றால் சாஸேஜ். பிரெஞ்சு வார்த்தை. ரூகாய்?

இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். ரூகாய்... றுகாய்... ஊறுகாய்!

ஆமாம். அந்தச் சொல்லின் வேர் தமிழ் ஊறுகாய்தான் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். முன்னால் இருந்த ‘ஊ’ மட்டும் வழியில் கடலில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. தக்காளி ரூகாய் உண்டு, எலுமிச்சை ரூகாய் உண்டு, பச்சை மாங்காயை மிளகாயோடு சேர்த்து இடித்த மாங்காய் ரூகாயும் உண்டு. சோற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சமாக, காரமாக, தொட்டுக்கொள்ள.

யோசித்துப் பாருங்கள். தோட்டம் அவனுடையது அல்ல. கரும்பு அவனுடையது அல்ல. தின்னக் கிடைத்த சாஸேஜ் பிரெஞ்சுக்காரனுடையது, ரொட்டியும் அவனுடையதே. தட்டில் இருக்கிற எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத மனுஷன், தொட்டுக்கொள்வதை மட்டும் தானே தேர்ந்தெடுத்தான். நூற்றைம்பது வருடம் கழித்து, முழுத் தீவும் அவன் சொல்லைச் சொல்லித்தான் சாப்பிடுகிறது. அதைச் சொல்கிற பலருக்கு அது தமிழ் என்றே தெரியாது. தமிழ்நாட்டிலும் பலருக்கு இது தெரியாது.

காரைக்காலின் இன்னொரு கடல் வழி சைகோனுக்குப் போனது. பிரெஞ்சு இந்தியர் என்ற உரிமையில் அங்கே குமாஸ்தாவாக, போலீஸ்காரராக, வியாபாரியாகப் போனவர்கள் நிறைய. பிரெஞ்சுக்காரன் நீள ரொட்டியை அங்கேயும் கொண்டுபோய் இறக்கியிருந்தான். வியட்நாமியர்கள் அதைக் கீறி, காடியில் ஊறிய கேரட்டும் முள்ளங்கியும் கொத்துமல்லியும் மிளகாயும் திணித்தார்கள். இன்று உலகம் முழுக்க ‘பான் மி’ என்று விற்கிறது. அங்கேயும் அதே கதை. ரொட்டி ஆண்டவனுடையது. தொட்டுக்கொள்வது ஆளப்பட்டவனுடையது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பையனின் அம்மா முறத்தில் இருந்த கையை எடுக்கவே இல்லை. முடித்ததும் கேட்டார்: “அங்கயும் ஊறுகாய்னா ஊறுகாய்தானாண்ணே?”

“அதேதாம்மா.”

“எங்க தாத்தாவோட அப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாராம். ஏதோ தீவுக்குக் கப்பலேறிப் போனாராம். வரவே இல்லையாம். தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாரு. எந்தத் தீவுன்னு அவருக்கும் தெரியாது.”

காரைக்கால் பக்கம் விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் இப்படி ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் இருக்கும்.

ஊரின் மிகப் பழைய கதையே தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத கதைதானே? மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து பழம் வீசுகிறோம். ஏன் என்று பலருக்கு மறந்திருக்கும். புனிதவதியார் வீட்டுக்குப் பசியோடு ஓர் அடியார் வந்தார். சோறு வெந்துவிட்டது. கறி இன்னும் ஆகவில்லை. வெறும் சோற்றை எப்படிப் போடுவது? கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றை எடுத்துச் சோற்றோடு வைத்தார். அந்த ஒரு மாங்கனியால்தான் பின்னால் எல்லாம் நடந்தது. கணவன் பிரிந்தது, அவர் பேயுரு வேண்டிப் பெற்றது, காரைக்கால் அம்மையார் ஆனது, அறுபத்து மூவரில் ஒருவரானது. சோற்றோடு என்ன வைப்பது என்ற கேள்வியைக் காரைக்கால் ஒருநாளும் சின்ன விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.

“அப்ப மாங்கா ஊறுகாயா மாமா?” என்றான் பையன்.

“ஊறுகாய் அப்படியே வேண்டாம். துண்டு துண்டா இருந்தா கடிக்கும்போது மாங்காய் மட்டும் தனியா வந்துடும். தொக்கா கிளறு. சாஸேஜ்லயே உப்பு இருக்கு. அதனால வழக்கமா போடற உப்புல பாதி போதும். கொஞ்சம் வெல்லம் சேரு. முதல்ல தொக்கைத் தடவு, அதுமேல சாஸேஜ், அதுமேல எலுமிச்சை பிழிஞ்ச வெங்காயம். கடைசியில வறுத்த வெங்காயம். மொறுமொறுப்பு எப்பவும் மேலேதான் இருக்கணும், கீழே போனா நமுத்துடும். கெச்சப் பாட்டில் ஓரமா இருக்கட்டும், கேட்கிறவங்களுக்கு. சிகாகோக்காரன் நம்மை மன்னிக்கட்டும்.”

பி.காம். மூளை சும்மா இருக்குமா? இன்னொரு கணக்கையும் சொன்னேன். சாஸேஜ் கம்பெனியுடையது. அதே பாக்கெட்டை நாளைக்கே எதிர்த்தாற்போல் இன்னொருவன் வாங்கி, ஐந்து ரூபாய் குறைத்து விற்பான். நேதன் செய்ததை நம் ஊரில் செய்ய ஆளா இல்லை? பன்னும் பேக்கரியுடையது. ஒரு ஹாட் டாகில் பணம் அதிகம் போவது அந்த இரண்டுக்கும்தான். தொக்குக்கு ஆவது ரொம்பக் கொஞ்சம். ஆனால் பக்கத்து வண்டிக்காரன் காப்பி அடிக்க முடியாத ஒரே சரக்கு அதுதான். ஆள் திரும்பி வருவதும் அதற்காகத்தான்.

பையன் எழுதிக்கொண்டான். அம்மா எழுந்து உள்ளே போனார். மாங்காய் இருக்கிறதா என்று பார்க்கப் போனார் என்று பிறகுதான் தெரிந்தது.

நாலைந்து மாதம் கழித்து மறுபடி காரைக்கால் போனேன். வண்டி நின்றிருந்தது. நாய் ஜெயிக்கவில்லை. ‘சாஸேஜ் ரொட்டி, வடை ரொட்டி’ என்று போர்டு. கீழே சின்ன எழுத்தில், ‘அம்மா கை மாங்காய்த் தொக்கு’. ஒன்று வாங்கினேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். சொன்னேன். “அம்மா கேக்க மாட்டேங்கறாங்க மாமா” என்றான்.

பக்கத்தில் யூனிஃபார்மில் ஒரு பையன் கெச்சப் மட்டும் போதும் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தான். அவனோடு வந்த தாத்தா சாஸேஜே வேண்டாம், ரொட்டியில் தொக்கு மட்டும் தடவிக் கொடு என்றார். இருவருக்கும் கேட்டது கிடைத்தது.

“வியாபாரம் எப்படிடா?”

“ஆறு பவுன்ல ரெண்டைத் திருப்பியாச்சு மாமா. நாலு இன்னும் உள்ளதான் இருக்கு.”

அடுத்த ஆள் வந்துவிட்டார். பையன் இடுக்கியை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

“சொல்லுங்கண்ணே, மேல என்ன போட?”